இரண்டு தட்டு

கயிற்று உருளையின் கைப்பிடியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியதும் மேலேயிருந்து பாய்மரத்தில் ஒரு தட்டு கேட்டது. ஒரு தட்டு என்றால் நிறுத்து. அவள் நிறுத்தி, கயிற்றைக் கட்டிவிட்டு, அதன் மேல் ஒரு கையை வைத்தபடி அண்ணாந்து பார்த்தாள். கயிற்றின் மறுமுனையில் தொங்கிய, அவள் தைத்த துணி இருக்கையில் உட்கார்ந்து, முழங்கால்களால் மரத்தைக் கவ்விக்கொண்டிருந்தார் கணவர். உச்சி விளக்கை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. விடிந்தால் தெற்கே பயணம்.

துறைமுகத்தில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். ஆயுசு முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். ஒருநாள் கூண்டுக்கு அடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது, மேலே இருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் லிஃப்டை இறக்க, கூட நின்ற ஆள் இவர் கண்ணெதிரே நசுங்கிப் போனார். அதிலிருந்து அவருக்கு ஒரே சட்டம். ஒன்று தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் இறக்கு, தட்டாமல் தொடாதே. வேலையை விட்டார், வீட்டை விற்றார், படகு வாங்கினார், சட்டத்தை மட்டும் விடவில்லை. போன வாரம் தூறல் விழுகிறதே என்று அவள் தானாக இறக்கியபோது, துறைமுகமே வேடிக்கை பார்க்கக் கத்தித் தீர்த்துவிட்டார். அன்று முழுவதும் அவள் அவருடன் பேசவில்லை.

படகில் குடித்தனம் என்பது அலமாரிக்குள் குடித்தனம். ஒருவர் அடுப்பு பற்றவைத்தால் இன்னொருவர் வெளியே போய் நிற்க வேண்டும். அவளுக்கு இதிலெல்லாம் பெரிய ஆசை இருந்ததில்லை. ஆனால் படகின் கிழிந்த பாய்களை மடியில் போட்டுத் தைத்துத் தைத்து, எப்போதோ அவளும் கிளம்பத் தயாராகிவிட்டாள். மகள்தான் போனில் தினமும் ஒரே பாட்டு. "அப்பாவ ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போங்கம்மா."

இன்று காலையில் அவர் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே தேநீர் குடித்ததை அவள் பார்த்தாள்.

"என்ன செய்யுது?"

"வாயு. கிளம்புற நேரத்துல இத போய் அவகிட்ட ஊதிடாத."

அவள் ஊதவில்லை.

காற்று வடக்கிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. தெற்கே போகிறவர்களுக்கு வேண்டிய காற்றுதான். இருந்தாலும் பக்கத்துப் படகுகளின் கயிறுகளெல்லாம் அவற்றின் மரங்களில் மோதி டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. இதில் அவர் தட்டுவது எப்படிக் கேட்கும் என்று ஒரு உள்ளங்கையை மரத்தில் பதித்துக்கொண்டாள்.

ஸ்குரூடிரைவர் ஒன்று அவள் காலருகே வந்து விழுந்தது.

"விட்டுட்டீங்களா?"

பதில் இல்லை. யார் கருவியைக் கீழே போட்டாலும் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற மனுஷன். தானே போட்டுவிட்ட வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மரம் ஆடியது. உள்ளங்கையில் தட்டு எதுவும் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். இறக்கிவிடலாமா என்று கை கயிற்றின் கட்டுக்குப் போனது. போன வாரத்துக் கத்தல் ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த படகின் மேல்தளத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயின்டர் நிமிர்ந்து பார்த்தார். "என்னக்கா, அண்ணன் மேலயே தூங்கிட்டாரா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே திரும்பவும் அண்ணாந்தாள். முழங்கால்கள் மரத்தில் இல்லை. பாதங்கள் கடலைப் பார்த்துத் திரும்பி, படகு ஆடுகிற பக்கமெல்லாம் தாமும் ஆடின. சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது.

கயிற்றின் கட்டை அவிழ்த்தாள். பதற்றத்தில் உருளையிலிருந்து ஒரு சுற்று கூடுதலாகக் கழன்றுகொள்ள, கயிறு அவள் கைக்குள் அறுத்துக்கொண்டு ஓடியது. மேலே அவர் சரசரவென்று இறங்குவதைப் பார்த்ததும் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, காலை உதைத்து நிறுத்தினாள். அதற்குள் பெயின்டர் தாவி வந்துவிட்டார்.

"விடுங்கக்கா, நான் இறக்குறேன்."

"வேணாம். நீங்க கீழ நின்னு அவரப் பிடிங்க."

சாண் சாணாக விட்டாள். அவர் தலை எங்கும் இடிக்கவில்லை. பாதங்கள் தளத்தில் தொட்டபோது சத்தமே எழவில்லை. பெயின்டர் அவர் மார்பை அழுத்தினார், வாயில் ஊதினார், அழுத்தினார். ஆம்புலன்ஸில் வந்த பெண் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் கையுறையைக் கழற்றினாள்.

மகள் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அப்பாவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தாள். அழுது முடித்து, கோபத்துக்கு வந்திருந்தாள். அம்மா, பயணத்துக்கு வாங்கி வைத்த தண்ணீர்க் கேன்களுக்கு நடுவே, மடியில் கைகளைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள்.

"கூப்பிட்டப்போ பேசலைன்னதும் இறக்க வேண்டியதுதானேம்மா? அவ்ளோ நேரம் எதுக்குக் காத்திருந்த?"

"தட்டலையே."

"தட்டலைன்னா?"

"தட்டாம இறக்கினா திட்டுவாரு."

அவர் எப்படித் திட்டுவார் என்று மகளுக்கும் தெரியும். உள்ளே போய் ஒரு கேனைத் திறந்து, தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதயாவது குடி. காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிச்சிருக்க மாட்ட."

அம்மா வாங்கக் கை நீட்டினாள். விரல்கள் மடங்கவில்லை. உள்ளங்கை இரண்டிலும் குறுக்கே தோல் உரிந்து, சதை தெரிந்தது. அதில் கயிற்றின் நார்கள் ஒட்டி உலர்ந்திருந்தன.

மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் இடம் பண்ணி உட்கார்ந்து, தம்ளரை அவள் உதட்டருகே பிடித்தாள்.