சிவந்த கண்ணும் தள்ளாடும் காலும்

மூன்று வயதில் நேராக நடந்த நிஷாந்தினி ஐந்து வயதில் தள்ளாடினாள். எங்கும் விழவில்லை, அடிபடவில்லை. கோழி ஓடினால் முதலில் தலை திரும்பியது; கண்கள் பிந்திப் போய்ச் சேர்ந்தன. வெள்ளை விழியில் எப்போதும் சிவப்புக் கோடுகள். மற்றப் பிள்ளைகளின் கண்நோய் ஒரு வாரத்தில் ஆறியது. இவளுக்கு எவ்வளவு சொட்டு மருந்து விட்டும் சிவப்புப் போகவில்லை. தாய் நல்லம்மாவுக்குக் காரணம் விளங்கவில்லை.

ஹாலிஎலைக்கு மேலேயிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மற்ற எல்லோருக்கும் விளங்கிவிட்டது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஒருவன் கேட்டான்: "என்னா கந்தப்பா, மகளுக்கும் ஒரு மடக்கு ஊத்துறியாமே?"

சாராயத்தைத் தொட்டறியாத தகப்பன் கந்தப்பன் தலை குனிந்தபடி மலைக்கு ஏறினான்.

தோட்டத்து மருந்துக்காரரும் அதையே நம்பினார். "அப்பன் குடிய விட்டா புள்ள நேரா நடக்கும்."

"கொழுந்து கொறஞ்சா மட்டும் கண்ணுல வெளக்கெண்ண விட்டுக்கிட்டுப் பாக்குறீங்க," என்றாள் நல்லம்மா. "எம்புள்ள கண்ண ஒருத்தரும் பாக்கல."

அன்றே மகளைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினாள்.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் பிரசாந்தினி கண்ணையும் காலையும் சேர்த்துப் பார்த்தார். "சொந்தத்துக்குள்ளயோ கலியாணம் கட்டினனீங்கள்?"

"தாய்மாமனத்தாங்க கட்டுனேன். எங்க வழக்கம். அதுக்கும் பழியா?"

"பழி இல்லையம்மா. காரணம் தேடுறன்."

இரத்தம் கொழும்புக்குப் போனது. முடிவு வந்த அன்று டொக்டர் அவளை உட்காரவைத்துச் சொன்னார்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ எண்டு ஒரு நூல் இருக்கு. அது அடிக்கடி அறும். அறுந்த இடத்தை ஒரு புரதம் கண்டுபிடிச்சு, மற்றதுகளைக் கூப்பிட்டு ஒட்டுவிக்கும். அந்தப் புரதத்துக்கு எல்லாரிட்டயும் ரெண்டு மரபணு. உங்களுக்கும் அவருக்கும் ஒவ்வொண்டு பழுது. மற்றது நல்லதெண்டபடியால் ஒண்டும் தெரியேல்லை. பிள்ளைக்குப் பழுதானது ரெண்டும் வந்திட்டுது."

"ஒரே குடும்பம்ங்கிறதால ரெண்டு பேருக்கும் ஒரே பழுது. சரிங்க. அப்ப ஒடம்பு பூரா கெடணுமே, நடை மட்டும் ஏன்?"

டொக்டர் நாற்காலியை அருகில் இழுத்தார். "தோல் செல் கொழுந்து மாதிரி, போனால் புதுசு தளிர்க்கும். நரம்புச் செல் செடி மாதிரி. அது பட்டுப்போனா அந்தக் குழி வெறுங்குழி, திருப்பி நட ஏலாது. அதால காலமெல்லாம் தன்னைத் திருத்தித்தான் அது உயிரோட இருக்கவேணும். திருத்த ஏலாட்டி சாகும். நடையைச் சமப்படுத்துற சிறுமூளையிலதான் அது முதல்ல தெரியுது. கண்ணில தெரியிற சிவப்பு விரிஞ்ச இரத்தக் குழாய், அதுவும் இதே நோய்தான்."

"அப்ப குடி இல்ல."

"குடி இல்லை."

"இத எங்க பெரட்டுக் களத்துல வந்து சொல்லுவீங்களா? அங்கதான சொன்னாங்க."

"வந்து சொல்லுறன். இந்த நோயில சளி இருமலும் அடிக்கடி வரும். பிள்ளைக்கு இருமல் வந்தா அங்க என்ன செய்வினம்?"

"ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுக்க அனுப்புவாங்க. நாளைக்குத் தலைக்கும் கதிர்ப்படமாம்."

டொக்டரின் முகம் இறுகியது. "அந்தக் கதிர்தானே நூலை அறுக்கிறது. ஒட்டத் தெரியாத பிள்ளைக்குத் திருப்பித் திருப்பி அறுத்திருக்கினம். கண்ணுக்கு ஒராள், நெஞ்சுக்கு ஒராள், காலுக்குத் தகப்பன்ர பேரில ஒரு பொய். ஒராளும் பிள்ளையை முழுசாப் பார்க்கேல்லை."

தொலைபேசியை எடுத்து மறுநாள் படத்தை நிறுத்தினார். பிறகு நல்லம்மாவிடம் திரும்பினார்.

"நோயை மாத்த மருந்து இல்லை. பொய் சொல்லமாட்டன். ஆனால் சேதத்தைக் கூட்டாமல் இருக்கலாம். எக்ஸ்ரே உயிருக்கு அவசியமெண்டா மட்டும். தலையைக் கொழும்பில காந்த ஸ்கேனில பார்ப்பம், அதில இந்தக் கதிர் இல்லை. இருமல் வந்தால் நெஞ்சைக் குழாய் வைச்சுக் கேட்டு, அண்டைக்கே மருந்து தொடங்கவேணும்."