போதுமா என்று கேட்ட அக்கா

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மனைவி பாதியில் நிறுத்திய வாக்கியத்திலிருந்து எடுத்தது. மருத்துவமனை ஆய்வகத்தில், எலும்பு மஜ்ஜையிலிருந்து புது ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுப்பது அவள் வேலை. “இன்னிக்கு ஒரு அக்கா...” என்றாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

2

என் முதல் தொடக்கம்: ‘மஜ்ஜைப் பை அவள் கையிலிருந்து நழுவி...’

“ஏங்க, பையை எதுக்குக் கீழே போடுறீங்க? உங்க கதைக்கு என் கைதான் கிடைச்சுதா?”

(அந்த வரியை அடித்துவிட்டேன். பை விழவே இல்லை.)

3

நடந்தது இதுதான். தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். மஜ்ஜை கொடுப்பவள் அக்கா. இருவருக்கும் வேறு வேறு ரத்த வகை. அதனால் சிவப்பணுக்களை ஒதுக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். தம்பியின் பழைய மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்தாகிவிட்டது. இனிப் பின்வாங்க வழியில்லை.

இயந்திரம் சுழன்றது. சிவப்பு அடியில் ஒதுங்க, அதன்மேல் ஸ்டெம் செல்கள் உள்ள வெளிறிய மெல்லிய படலம். அந்தப் படலம்தான் தம்பி.

(இந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கு இல்லை. “படலம் படலம்தாங்க. தம்பி வார்டுல படுத்திருக்கான்.”)

பிரித்தெடுத்த செல்களை மனைவி எண்ணிப் பார்த்தாள். குறைவு. மறுபடி எண்ணினாள். அதே குறைவு. டாக்டருக்குப் போன் போட்டாள்.

“ஒதுக்கின சிவப்பை இன்னொரு தடவை சுத்திப் பாக்கட்டுமா டாக்டர்?”

“பாருங்கம்மா. கிடைச்ச வரைக்கும் லாபம்.”

கொஞ்சம் கிடைத்தது. தேவையான அளவைத் தொட்டும் தொடாமலும் நின்றது. “வேற வழியில்ல, அனுப்பிடுங்க” என்றார் டாக்டர்.

4

பையை அவளே வார்டுக்கு எடுத்துப் போனாள். நடைவழியில், சக்கர நாற்காலியில் அக்கா.

“எங்கிட்ட எடுத்தது போதுமாங்க? பத்தலைன்னா இன்னும் எடுத்துக்கச் சொல்லுங்க. எனக்கு வலியே இல்ல.”

சொல்லும்போதே, மஜ்ஜை எடுத்த இடுப்பைப் பிடித்துக்கொண்டாளாம்.

(இங்கே மனைவி சொல்வதாக ஒரு நல்ல பதில் எழுத வேண்டும். ‘நம்பிக்கையோடு...’ ம்ஹூம். ‘அறிவியலின்...’ சே.)

“நீ என்ன சொன்னே?”

“போகப்போகத்தான் தெரியும்னு சொல்ல வந்தேன். வாய் ‘போதும்’னு சொல்லிடுச்சு.”

5

ஏற்றிய செல்கள் எலும்புக்குள் குடியேறிவிட்டனவா என்று ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். அதுவரை பொறுக்காமல் கதைக்கு இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் தம்பியை நடக்க வைத்தேன். இன்னொன்றில் அக்கா தனியாக வீட்டுக்கு... இல்லை, இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

இரண்டையும் மனைவி படித்தாள். “ரிப்போர்ட்டே இன்னும் வரல. உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?”

அக்கா தினமும் வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளாம். அவள் கண்ணில் படக் கூடாதென்று மனைவி சுற்றுவழியில் போய்வந்தாள். நேற்று நேர்வழியில் போயிருக்கிறாள்.

“ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?”

“நகர்ந்து இடம் கொடுத்தாங்க. உக்காந்தேன்.”

இதற்குமேல் எழுத என்னால் ஆகவில்லை. முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் வாருங்கள். அந்த பெஞ்சில் இன்னும் ஓர் ஆள் உட்காரலாம்.