வேம்பு போட்ட நேர்கோடு

முப்பத்தைந்து வருடம் கழித்துப் படையினர் பிடித்துவைத்திருந்து விட்ட தன் காணிக்குள் கால்வைத்த பராசக்திக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. போல என்ன, காடேதான். மயிலிட்டிக்குத் தெற்கே, வெங்காயம் நட்ட செம்மண்ணில் இப்போது விளாத்தியும் உண்ணிப்பற்றையும் தோளோடு தோள் நின்றன. வீடு இல்லை, வேலி இல்லை. கட்டு இடிந்த கிணறு ஒன்று மட்டும் கிடந்தது.

அங்கேதான் வில்லங்கம். அவளுக்கொரு கிணறு, பக்கத்துக் காணிக்காரர் இளையதம்பிக்கொரு கிணறு, நடுவில் கிளுவைக் கொம்புகளைக் கதியாலாக நட்ட வேலி. அப்படித்தான் இருந்தது. இப்போது ஒன்று தூர்ந்துவிட்டது. எஞ்சியது யாருடையது? “எல்லையை நீங்களே ஒத்துக்கொண்டு கையெழுத்து வையுங்கோ, பிறகு அளக்கிறன்” என்று நில அளவையாளர் கைகழுவிவிட்டார்.

மூன்றாம் நாள் அவள் ஒரு வரிசையைக் கண்டுபிடித்தாள். நூல் பிடித்த மாதிரி இருபது வேம்புகள்.

“காட்டுக்கு நேர்கோடு போடத் தெரியுமே அண்ணை? உதுதான் எங்கடை வேலி.”

இளையதம்பி தலையைச் சொறிந்தார். “வேலி கிளுவை எல்லோ பிள்ளை?”

“கதியாலிலை இருந்த காகம் வேப்பங்கொட்டையைப் போட்டிருக்கும். வேம்பு வளர, நிழலுக்கை கிளுவை பட்டுப்போச்சு.”

சொன்ன பிறகு அவளுக்கே அது நியாயமாகப் பட்டது. அந்தக் கணக்கில் கிணறு அவள் பக்கம். தன் மகளுக்கு அங்கே வீடு கட்டக் காத்திருந்த இளையதம்பி மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார். நல்ல தண்ணீர்க் கிணற்றை அப்படி விட்டுக்கொடுக்கப் பெரிய மனம் வேண்டும், இல்லையென்றால் அவளைப் போலவே குழம்பியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை, புதுவேலி போடுவதற்காக வேம்பின் கீழ்க்கொப்புகளை வெட்டினாள். கத்தி ‘டங்’ என்றது. பட்டையைச் செதுக்கினால் உள்ளே முள்ளுக்கம்பி. மரம் அதை விழுங்கி வளர்ந்திருந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே. அவர்கள் வேலியில் ஒருநாளும் கம்பி இருந்ததில்லை, கதியாலும் பனையோலையும்தான். காகங்கள் வந்து இருந்தது படையினர் இழுத்த கம்பியில்!

அப்படியென்றால் கிளுவை எங்கே நின்றது? கிழக்கிலா, மேற்கிலா? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பச்சை. முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்கிற உலகத்தில் ஒரு துண்டுக் கம்பியை மறைப்பதா பாடு என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பே பயமாக இருந்தது. இளையதம்பியை அழைத்துக் காட்டினாள்.

“அப்ப கிணறு ஆருடையது?”

“சத்தியமாத் தெரியேல்லை அண்ணை.”

“எனக்கு நேற்றும் தெரியேல்லை. நீர் அவ்வளவு உறுதியாச் சொன்னபடியாத்தான் கையெழுத்து வைச்சனான்.”

பராசக்திக்கு வெட்கத்தில் முகம் சுண்டிப்போயிற்று. தாளைக் கிழித்தாள்.

“புதுசா எழுதுவம். எல்லை தெரியாது, கிணறு ரெண்டு வீட்டுக்கும் எண்டு.”

“சர்வேயர் உதுக்கு ஒத்துக்கொள்ளுவாரே?”

அதுவும் இருவருக்கும் தெரியவில்லை.