குறுக்கே தெரிந்தவள்

கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் படம் பிடித்த இரண்டு கண்ணாடித் தகடுகள், இரண்டுக்கும் நடுவே முப்பது வருஷம். அதற்குள் எந்த நட்சத்திரம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பதுதான் ஆராய்ச்சி நிலையத்தில் அபயாம்பாளுக்கு வேலை. சேர்ந்து ஒரே திசையில் போகிறவை ஒரே மேகத்தில் பிறந்த இளசுகள். மற்றவை அதே திக்கில் சும்மா கண்ணில் படுகிறவை, கூட்டத்தில் சேர்த்தியில்லை. ஒருநாள் இதை வீட்டில் ஆசையாகச் சொன்னாள். மாமா பெண் விஜயலக்ஷ்மி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா செத்ததிலிருந்து அபயாம்பாள் மாட்டுங்காவில், அம்மாவோடு கூடப்பிறந்த அந்த மாமா வீட்டில்தான் வளர்ந்தாள். வேறு வீடு அவளுக்குத் தெரியாது.

அறுபத்து மூன்றாம் வருஷம் செம்பூரில் புது ஃபிளாட் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது மாமா அனந்தநாராயணன் அறைகளைப் பங்கு போட்டார். முன் ரூம் அவருக்கும் மாமிக்கும், பின் ரூம் விஜிக்கு.

"என் பெட்டியை விஜி ரூம்லேயே வெச்சுக்கட்டுமா மாமா?"

மாமா ரசத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மாமிதான் பேசினாள். "நோக்கு எதுக்குடி செம்பூர்? அவ்வளவு தூரம் தினம் ட்ரெயின்லே தொங்கணுமா? இங்கேயே லேடீஸ் ஹாஸ்டல்லே சொல்லி வெச்சாச்சு."

"சொல்லியே வெச்சாச்சா? எப்போ?"

"என்னடி, கோர்ட்டா நடத்தறே?"

விஜி களுக்கென்று சிரித்தாள். "நீதானேடி சொன்னே, பக்கத்துலே தெரியறதெல்லாம் கூட்டம் இல்லேன்னு? நீ எங்களுக்குக் குறுக்கே தெரிஞ்ச நட்சத்திரம், அவ்வளவுதான்!"

மாமிக்குப் புரையேறிற்று, அப்படி ஒரு சிரிப்பு. மாமாவும் அடக்க முடியாமல் சிரித்தார். அபயாம்பாளும் சிரித்தாள். கூடச் சிரித்தால் இன்னும் உள்ளே இருப்பதாக ஆகும் என்று ஒரு நப்பாசை. அதைத் தன்னிடமே கண்டதும் அருவருத்துப் போயிற்று. நாக்கு கூர்மையாயிற்று.

"பிறப்பைப் பார்த்தா மாமாவும் நானும்தான் ஒரே மேகம், விஜி. வெளியிலேர்ந்து வந்து ஒட்டிண்டது உன் அம்மா."

மாமியின் கை சாதத்தில் நின்றது. சொன்ன சுகம் அபயாம்பாளின் உடம்பெல்லாம் பரவியது. மாமா ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தாள்.

"அந்த மேகம் உன் அம்மாவுக்குக் கொள்ளி வெச்ச அன்னிக்கே கலைஞ்சுடுத்து," என்றார் மாமா. "போ, மோர் கொண்டா."

எழுந்து போனாள். நட்சத்திரக் கூட்டத்தைப் பற்றி ஒன்றை மட்டும் அவள் இவர்களிடம் சொன்னதில்லை. சாப்பாட்டு வேளையில் வேண்டாமென்று விட்டிருந்தாள். உள்ளே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து அலைக்கழியும்போது, எடை குறைந்ததுதான் முதலில் வெளியே வீசப்படும். வீசிய பிறகு மிச்சமிருப்பவை முன்னைவிட இறுகிக்கொள்ளும்.

மோரோடு திரும்பினபோது அவள் தட்டு பாதிச் சாதத்தோடு சுவரோரம் கிடந்தது. மாமியும் விஜியும் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இடமில்லை.

"கிருஹப்ரவேசத்துக்கு விடிகாலம்பரவே வந்துடு," என்றாள் மாமி. "பால் காய்ச்சறதுக்கு முன்னாடி தரையெல்லாம் துடைக்கணும்."

அபயாம்பாள் நின்றபடியே குனிந்து மோர் விட்டாள்.

"கெட்டியா விடுடி," என்றாள் விஜி.