முதல் வளைவிலேயே

டிரைவர் ஒருவர் பயணியாக உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை அன்று காலை அந்தச் சுற்றுலாப் பேருந்தில் ஏறிய அத்தனை பேரும் பார்த்தார்கள். முன்னால் போகும் லாரி கொஞ்சம் நிதானித்தால் போதும், அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். வளைவு வந்தால் இரண்டு கைகளும் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பும். ஹாரன் அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காவிட்டால் ஒரு கனைப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

"அந்தத் தரையை விடுங்க. பாவம், அது உங்களை என்ன பண்ணிச்சு?"

"பையனுக்குக் கியர் மாத்தவே தெரியல."

"பையனா? அவருக்குத் தலையெல்லாம் நரைச்சாச்சு."

"எத்தனை நரைச்சா என்ன, எனக்குப் பையன்தான்."

ஸ்டியரிங்கை விட்டு இறங்கியதிலிருந்து மனிதர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. எங்கே கூப்பிட்டாலும் "பார்த்தாச்சு" என்பார். கடைசியில் மகள்தான் இரண்டு டிக்கெட்டை வாங்கி அம்மாவின் கையில் திணித்தாள். "ஓசியிலேயே ஊரெல்லாம் சுத்தின ஆளு நீ. ஒரு தடவையாவது டிக்கெட்டோட போயிட்டு வா." அவர் ஒரு நிபந்தனை போட்டார். பிடிக்காவிட்டால் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடுவார், அதற்குப் பிறகு பயணம் என்ற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. மனைவி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். ஆட்டிய தலைக்குள் பயம் இருந்தது. இந்த ஒரு பயணம் கெட்டால் அவ்வளவுதான், மிச்சக் காலத்துக்கு நாலு சுவரும் டிவியும் கதி.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும்.

இதென்ன பிரமாதம் என்று கேட்கலாம். அவள் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவள். பள்ளிக்கு எப்போது விடுமுறையோ அப்போதுதான் சுற்றுலா வண்டிக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கல்யாணமான புதிதில் "என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டாள். "நான் தினமும் போயிட்டுத்தானே இருக்கேன், நீயும் ஏறிக்கோ" என்றார் அவர். ஏறிக்கொண்டாள். அவருக்கு நேர் பின்னால், முதல் சீட். அன்று தொடங்கியது, அவர் ஓட்டியவரைக்கும் அதுதான் அவளுடைய இடம். கடலைப் பார்த்திருக்கிறாள், கோட்டையைப் பார்த்திருக்கிறாள், பனி மூடிய மலையைக்கூடப் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் முன்னால் அவருடைய பிடரி.

ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று எதிரே போர்டு வேறு. அதனால் இருவருக்கும் பேச்செல்லாம் டிரைவர் தலைக்கு மேலே தொங்கும் கண்ணாடியில்தான். அவர் புருவத்தைத் தூக்கினால் டீ குடிக்கலாமா என்று அர்த்தம். அவள் காதைத் தொட்டால் மெதுவாகப் போங்கள். அவர் மூக்கைச் சுருக்கினால் பின்னால் யாரோ வாந்தி எடுக்கப் போகிறார்கள். கோபம் வந்தால் அவள் பச்சைச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கண்ணாடியில் பச்சை தெரிந்தால் அன்றைக்கு அவருக்குச் சனி பிடித்துவிட்டது.

வண்டி மலையேறத் தொடங்கியது. டீக்கடை வந்தது. கடையைப் பார்த்ததும் அவள் அவரை முழங்கையால் இடித்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகத் தேடினார்.

இந்தக் கடையில்தான் ஒருமுறை அவளை விட்டுவிட்டுப் போனார்.

அன்று காலைச் சாப்பாட்டின்போது அவள் பயணிகளிடம் ஒரு கதையை எடுத்துவிட்டாள். மனிதர் பாதை மாறிப்போய், ஒரு கல்யாண வீட்டு முற்றத்தில் பேருந்தைக் கொண்டுபோய் நிறுத்திய கதை. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். "டிக்கெட் வாங்காம வர்றவங்களுக்கு வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. டீக்கடையில் வண்டி நின்றதும் பையை சீட்டில் நிமிர்த்தி வைத்து, அதன்மேல் சால்வையைப் போட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் போய் நின்றாள். வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்தாள். தேடி வரட்டுமே என்றுதான். கிளம்பும்போது தலை எண்ணினார்கள். டிக்கெட் உள்ள தலைகளை மட்டும்தானே எண்ணுவார்கள்? கணக்கு சரியாக இருந்தது, வண்டி போய்விட்டது.

திரும்பி வந்தது ஒரு யுகம் கழித்து. அதற்குள் அவள் கடைக்காரம்மாவிடம் டீ குடித்து, அழுது, முகம் கழுவி, அந்தம்மாவுக்குப் பட்டாணியும் உரித்துக் கொடுத்திருந்தாள். பயணிகள் கைதட்டினார்கள். அவர் "ஏறு" என்றார். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

நான் இல்லையென்று எப்போது தெரிந்தது? இதை அவள் அன்று கேட்கத் தொடங்கினாள், இன்னும் நிறுத்தவில்லை. பதிலும் மாறவில்லை.

"முதல் வளைவிலேயே தெரிஞ்சிருச்சு."

"அப்புறம் ஏன் அவ்வளவு நேரம்?"

"மலைப்பாதைல பஸ்ஸைத் திருப்ப இடம் வேணாமா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் அவள் மனம் ஒப்பவில்லை. அத்தனை தூரம் கண்ணாடியில் தன்னைத் தேடாமலே போயிருக்கிறாரோ என்ற சந்தேகம் செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது.

டீ குடித்துவிட்டு எல்லோரும் ஏறினார்கள். அவர் நேராக வழிகாட்டியிடம் போய், "ஏரிக்கரையிலேர்ந்து கீழ இறங்க வண்டி இருக்கா தம்பி?" என்று விசாரித்தார். "பார்த்துச் சொல்றேன் ஐயா" என்றான் அவன். அவளுக்குப் பகீரென்றது. மனிதர் முடிவு கட்டிவிட்டார்.

வண்டி நகர்ந்தது. முதல் வளைவு திரும்பியது. திரும்பிய இடத்தில், சாலையை ஒட்டி, பெரிய மரத்தடியில் வெட்டவெளியாக ஒரு மைதானம். நாலு பேருந்துகள் வரிசையாக நிற்கலாம். அவர் ஓட்டிய காலத்தில் இதைத் தாண்டும்போதெல்லாம் அவள் அவருடைய பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஜன்னல் சீட்.

"இது என்னங்க?"

"எது?"

"திருப்ப இடமே இல்லன்னீங்களே. இங்க கப்பலையே திருப்பலாம் போலிருக்கே."

"இது இப்ப வந்தது."

"மைதானம் இப்ப வந்தது. மரம்? அதுக்கு நம்ம ரெண்டு பேரு வயசையும் சேர்த்தாலும் பத்தாதே!"

கையும் களவுமாகப் பிடிபட்ட மனிதர் எதிர்சீட்டை முறைத்துக்கொண்டு இடித்த புளி மாதிரி உட்கார்ந்துவிட்டார். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆசைப்பட்ட பக்கத்துச் சீட் கிடைத்தும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஜன்னல் வழியே வந்த தூசி கண்ணில் விழ, அவள் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்துப் பிரித்தாள். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், கண்ணாடியின் ஓரத்தில் அவருடைய கண்கள்.

புருவம் மேலே போனது. டீ?

இப்போதுதானே குடித்தோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்தாள்.

"நிஜத்தைச் சொல்லுங்க. எப்ப தெரிஞ்சது?"

நேருக்கு நேர் கேட்டபோதெல்லாம் வழுக்கிக்கொண்டு போனவர், கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டார். "நீ இல்லன்னு எனக்குத் தெரியவே இல்ல" என்றார்.

அவள் கை தாழ்ந்தது. அவர் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணாடியைப் பழைய உயரத்துக்கே தூக்கினார்.

"கண்ணாடில பச்சை தெரிஞ்சுது. போர்த்திக்கிட்டு உம்முனு இருக்கேன்னு நினைச்சேன். வளைவு வளைவா வருது, ரோட்டுலேர்ந்து கண்ணை எடுக்கவும் முடியல. சரி, பேசியே சமாதானம் பண்ணிருவோம்னு ஆரம்பிச்சேன்."

"யார்கிட்ட?"

"உன்கிட்டதான். அதாவது, சால்வைகிட்ட."

"என்ன பேசினீங்க?"

"அந்த டிக்கெட் பேச்சு தப்புன்னேன். வாய் தவறி வந்துருச்சுன்னேன். பதில் இல்ல. பெரிய கோபம்தான்னு இன்னும் இறங்கி வந்தேன். நீ பின்னாடி உக்காந்திருந்தா எங்க போனாலும் வீட்டை விட்டு வந்த மாதிரியே இருக்காதுன்னேன். அதுக்கும் ம்னுகூடச் சொல்லல. அப்புறம் என்னென்னவோ சொன்னேன். என் ஆயுசுல அவ்வளவு பேசினதில்ல."

"எது வரைக்கும்?"

"பொறு. வரும்."

வளைவு மேல் வளைவாக வந்தது. ஒரு பாலம், ஒரு கோணலான மைல்கல், இன்னொரு பாலம். அவள் கண்ணாடியைப் பிடித்தபடியே இருந்தாள். கை வலித்தது, இறக்கவில்லை. இன்னும் இல்லையா, இன்னும் இல்லையா என்று மனம் அடித்துக்கொண்டது. கடைசியில் மரங்கள் விலகி, கீழே ஏரி பளபளத்தது.

"இங்கதான். மூணாவது சீட்டுப் பெரியவர் ஒருத்தர் எழுந்து வந்து, 'யார்கிட்டப்பா இவ்வளவு நேரமா அழுதுட்டிருக்க?'ன்னார். திரும்பிப் பார்த்தேன். பை உக்காந்திருந்தது."

வந்த பாதையை அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த நீளம் முழுவதையும் அவர் தன்னை மறந்துபோன கணக்கில்தான் இத்தனை வருஷம் எழுதி வைத்திருந்தாள். அத்தனையும் கெஞ்சல். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஒரு பையிடம் போய்க் கொட்டிவிட்டாரே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"ஒரு தடவை முழுசா சொல்லி முடிச்சாச்சே. மறுபடியும் முதல்லேர்ந்து யாரால முடியும்?"

ஏரிக்கரையில் வண்டி நின்றது. வழிகாட்டி அவரிடம் குனிந்தான். "ஐயா, கீழ போற வண்டி அதோ நிக்குது. உங்க பெட்டியை இறக்கட்டுமா?"

அவர் அவளைப் பார்த்தார். கண்ணாடியில் இல்லை, பழக்கமில்லாத அந்த நேர்ப்பார்வையில்.

"வேணாம் தம்பி. கடைசி வரைக்கும் வர்றோம்" என்றார்.

வழிகாட்டி போனதும் அவள் கண்ணாடியை மடித்து உள்ளே வைத்தாள். கைப்பையின் அடியிலிருந்து எதையோ உருவினாள். நிறம் மங்கிப்போன பச்சைச் சால்வை. அதைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, அவருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ம், ஆரம்பிங்க" என்றாள். "முதல் வளைவுலேர்ந்து."