இடது பெடலின் காட்டர் பின்

1996 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, சதுரங்கப்பட்டினம் சாலையில் மோசஸ் சைக்கிள் மிதித்த களைப்பு, திருக்கழுக்குன்றத்தில் இருந்த அவன் மனைவி பிரிசில்லாவின் இடது காலில் வந்து இறங்கியது. அவள் பால்வாடி ஆயா. அப்போது சத்துமாவு கிளறிக்கொண்டிருந்தாள். முட்டியில் டொக்கென்று ஒரு தட்டல், பிறகு கெண்டைக்காலில் இழுப்பு. மறுபடி டொக். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். கல்பாக்கத்தில் மோசஸ் இறங்கிச் சைக்கிளைப் பூட்டியதும் வலி நின்றது. மாலை அவன் கிளம்பியதும் திரும்ப வந்தது. அன்று அவன் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான். வலது காலின் களைப்பு அவனிடமே இருந்தது. அதை அவன் பொருட்படுத்தவில்லை.

காரணம் அதற்கு முந்தைய சனிக்கிழமையில் இருந்தது. பஸ் நிலையத்தருகே சைக்கிள் கடை வைத்திருந்த ஞானதாஸ் அன்று இடது பெடல் தண்டுக்குப் புதுக் காட்டர் பின் போட்டிருந்தான். தண்டை அச்சோடு பிணைக்கும் சிறிய ஆப்பு அது. ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும். தண்டுக்குக் கீழே இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்து, பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்கி, அப்புறம்தான் நட்டை முடுக்க வேண்டும். பிடிப்பது ஆப்பு. நட்டு அது நழுவாமல் காவல் இருக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டியதும் ஆப்பு இன்னும் உள்ளே உட்காரும், நட்டு தளரும். அதனால் ஞானதாஸ் எல்லோரிடமும் சொல்வதை மோசஸிடமும் சொன்னான்.

“சாயந்திரம் ஒரு தபா வந்துட்டுப் போ அண்ணாத்த. இன்னொரு அடி போட்டு நட்டப் புடிக்கணும். இல்லன்னா ஆட்டம் குடுக்கும்.”

இதைக் கேட்டு எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் வருவதில்லை. வேலை முடிந்து வருகிறவன் வீட்டைத் தாண்டிக் கடைக்குப் போவதில்லை. சும்மா செய்து தருகிற வேலையை அந்த ஊரில் யாரும் வேலையாக மதித்ததுமில்லை. மோசஸும் போகவில்லை. திங்கட்கிழமை நட்டு தளர்ந்தது, செவ்வாய்க்கிழமை பெடல் தட்ட ஆரம்பித்தது.

இப்படி இரண்டு வருடம் போனது. மோசஸ் சர்ச் பாட்டுக்குழுவில் சேர்ந்தான், வீட்டுக்கு வெள்ளையடித்தான், பக்கத்து வீட்டுக்கும் அடித்தான். பிரிசில்லா செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தாள், தைலம் தேய்த்தாள், குழந்தைகளை இடுப்பில் தூக்குவதை விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வலி இல்லை என்பதை அவள் ஜெபத்தின் பலன் என்று எண்ணியிருந்தாள். ஒரு வாரம் மோசஸ் காய்ச்சலில் படுத்தான். அந்த வாரம் முழுவதும் கால் நன்றாக இருந்தது. அவள் சுவரோரம் நின்ற சைக்கிளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு போய் அவனை எழுப்பினாள்.

“நீ மிதிக்கிற. நோவு எனக்கு கீது.”

அவன் சிரித்தான். அவள் பெஞ்சில் உட்கார்ந்து புடவையை முட்டிவரை ஏற்றிக்கொண்டு, பெடலைச் சுற்றச் சொன்னாள். அவன் கையால் மெதுவாகச் சுற்றினான். ஒரே இடத்தில் பெடல் நகத்தளவு நழுவியது. அவள் முட்டி வெட்டி இழுத்தது. இன்னொரு முறை சுற்றினான்.

“போதும்யா, வுடு” என்றாள்.

ஞானதாஸிடம் போக அவனுக்கு வெட்கம். காய்ச்சல் விட்டதும் தானே முடுக்கினான். சுத்தியலால் அடிக்காமல், ஸ்பேனரில் குழாயைச் செருகி நட்டை மட்டும் இழுத்தான். மரை வழுக்கியது. மறுநாள் அவன் மிதித்தபோது வலது காலின் களைப்பும் சேர்ந்து அவளுக்குப் போனது. அவளால் எழுந்திருக்க முடியவில்லை. பால்வாடி திறக்கவில்லை. குழந்தைகள் தட்டோடு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பின. மேற்பார்வையாளர் அமிர்தவல்லி வீட்டுக்கே வந்து, இன்னொரு நாள் மூடினால் வேறு ஆளைப் போடுவேன் என்று குரல் உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போனாள். மோசஸ் கல்பாக்கத்தில் காண்டிராக்ட் தோட்டக்காரன், அவனை எப்போது நிறுத்துவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் நிலையாக இருந்தது பிரிசில்லாவின் வேலைதான்.

மோசஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனான்.

“சாயந்திரம் வான்னு சொன்னேன்” என்றான் ஞானதாஸ். “எந்த வருசத்து சாயந்திரம்னு சொல்லாதது என் தப்பு தான்.”

விஷயத்தைக் கேட்டபோது அவன் வியப்படையவில்லை. வழுவதூரில் ஒருவனுடைய ஆட்டம் அவன் மாமியாருக்குப் போனதாம், அந்த ஆள் மட்டும் கடைசிவரை ரிப்பேருக்கு வரவில்லையாம். புதுப் பின்னை அடித்து இறக்கி முடுக்கினான். அன்று மாலை மோசஸ் மறக்காமல் வந்தான். ஞானதாஸ் இன்னொரு அடி போட்டு நட்டைப் பிடித்தான்.

மறுநாளிலிருந்து மோசஸின் களைப்பு மோசஸுக்கே வந்தது. இரண்டு வருடத்தில் அவனுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தட்டில் கை வைத்தபடி தூங்கினான். பாட்டுக்குழுவை விட்டான். புல் வெட்டும் மெஷின்மேல் தலைசாய்த்துக் கிடந்ததைப் பார்த்த மேஸ்திரி ராஜாராம், நிற்க முடிந்தால் வா, இல்லையென்றால் வராதே என்றான். அன்று இரவு மோசஸ் அதைச் சொல்லிவிட்டுச் சோற்றைத் தொடாமல் படுத்தான்.

விடிந்ததும் பிரிசில்லா ஸ்பேனரை எடுத்து நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பின்னைக் கீழிருந்து ஒரு தட்டு தட்டினாள். அவனிடம் சொல்லவில்லை. மாலை அவன் விசிலடித்துக்கொண்டு வந்து, வாசலிலேயே விசிலை நிறுத்திக்கொண்டான். மறுநாள் பால்வாடியில் குழந்தைகளுக்கு எடை போடும் நாள். அவன் சுத்தியலைத் தேடி எடுத்துப் பின்னை இறக்கினான்.

அப்புறம் அதுவே வழக்கமானது. எடை போடும் நாளிலும் தடுப்பூசி நாளிலும் முடுக்கினார்கள். பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்று புல்வெளி முழுவதையும் வெட்டச் சொல்லும்போது தளர்த்தினார்கள். பின்கள் சீக்கிரம் தேய்ந்தன, ஞானதாஸ் கேட்காமலே எடுத்துத் தந்தான். கடற்கரைச் சாலை அகலமானது. மகன் ஸ்டான்லிக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்தது. மொபெட் வாங்கித் தருகிறேன் என்றான். அதில் களைப்பு யாருக்குப் போகும் என்று தெரியாததால் வேண்டாம் என்றுவிட்டார்கள். முடியெல்லாம் நரைத்தது. தளர்த்தினாலும் முடுக்கினாலும் யாராவது ஒருவர் முதலில் தூங்கினார்.

2007 மார்ச்சில் ஒரு காலை, பால்வாடியில் எடை போட வேண்டியிருந்தது, கல்பாக்கத்தில் புல்வெளி முழுவதும் வெட்ட வேண்டியிருந்தது. மோசஸ் கேரியரில் சோற்று டப்பாவைக் கட்டிக்கொண்டிருந்தான். பிரிசில்லா கையை ஊன்றி மெல்லக் குந்தி, ஸ்பேனரை நட்டில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“சொல்லுய்யா, இன்னிக்கி யார் கால்ல வெக்கட்டும்?”