தலைக்குள் தோல்

உலகத்தில் தோலை முழுதாக அறிந்தவர்கள் இருவர்தான். ஒருவர், அதைப் படைத்தவர். இன்னொருவர், ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாகத் தோல் தரம் பிரிக்கும் நவநீதன். இந்தத் தகவலைத் தந்தவரும் நவநீதன்தான்.

ஆட்டுத் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பார்ப்பார். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, அம்மைத் தழும்பு எதுவும் தப்பாது. சில்வர் பேனாவால் சுற்றி ஒரு வட்டம் போட்டால் போட்டதுதான். அந்த இடம் ஷூவுக்கு ஆகாது. "கண்ணா அது!" என்று யாரோ எப்போதோ வியந்ததை அவர் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விடவில்லை.

அப்படிப்பட்டவரின் தலைக்குள்ளேயே தோல் இருந்தது. மூன்று வருடம் முன்பு தலைவலிக்கு ஸ்கேன் எடுத்தபோது வேலூர் டாக்டர் ஆல்வின் விளக்கினார்: கருவிலேயே வழிதவறி மூளைப் பக்கம் மாட்டிக்கொண்ட தோல் செல்கள், அங்கேயே உரிந்து உரிந்து ஒரு சிறு பையாகச் சேர்ந்திருக்கின்றன. சாதுவான கட்டி. ஆனால் ரொம்ப ரொம்ப அபூர்வமாகப் புற்றாக மாறலாம். அதனால் வருடம் ஒரு ஸ்கேன். நவநீதன் காதில் 'அபூர்வம்' மட்டும் விழுந்தது. கேன்டீனில் அதைப் பதவி உயர்வு போல அறிவித்தார்.

முன்பெல்லாம் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடுவார்கள். இந்த வருடம் ஃபிலிம் கைக்கு வந்தது. டாக்டரைப் பார்ப்பது திங்கட்கிழமை. சனிக்கிழமை காலையிலேயே நவநீதன் அதை ஜன்னலில் தூக்கிப் பிடித்தார். முகம் வெளிறியது. இரண்டு வெள்ளை உருண்டைகள். பளிச்சென்று, ஒரே அளவில், ஷூ மாதிரி ஜோடியாக.

"மாறிடுச்சி சோபனா. ஒண்ணு ரெண்டாயிருக்கு."

மனைவி ஃபிலிமை எட்டிப் பார்த்தாள். "டாக்டரு இன்னும் பாக்கவேயில்லியே?"

"டாக்டருக்கு மனுஷன் தெரியும். தோலு எனக்குத்தான் தெரியும்."

சில்வர் பேனாவால் இரண்டு வட்டம் போட்டார்.

ஞாயிறு மதியம், கூட வேலை செய்யும் தன்சீல் அகமதுவை வரவழைத்து, அந்தப் பேனாவைத் தாம்பாளத்தில் வைத்து ஒப்படைத்தார். சொற்பொழிவு நாற்பது நிமிடம். தன்சீல் பேனாவால் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார்.

"இன்னாண்ணே பேஜார் பண்ற. இதுல இங்க்கே இல்லியே?"

"கடைசி இங்க்கு என் தலைக்குப் போய்டுச்சி, தன்சீலு."

தன்சீல் போனபிறகு நவநீதன் காலித் தாம்பாளத்தை எடுத்து உள்ளே வைத்தார். பிறகு சொற்பொழிவுக் குரல் இல்லாமல், "வலிக்குமா சோபனா?" என்றார்.

"மொதல்ல சாப்புடுங்க," என்றாள் அவள், முகத்தைக் காட்டாமல்.

திங்களன்று டாக்டர் ஃபிலிமை விளக்குப் பலகையில் மாட்டினார். கம்ப்யூட்டரையும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அப்படியேதான் இருக்கு. வளரல, மாறல. அடுத்த வருஷம் வாங்க."

சோபனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நவநீதன் எழுந்திருக்கவில்லை. உயிர் பிழைத்தது சந்தோஷம்தான். ஆனால் இருபத்தெட்டு வருடத்தில் அவர் போட்ட வட்டத்தை யாரும் தள்ளியதில்லை.

"நல்லா பாருங்க டாக்டர். அந்த ரெண்டும்?"

டாக்டர் அப்போதுதான் வட்டங்களைக் கவனித்தார். "இது யாரு போட்டது?"

"நான்தான்," என்றார் நவநீதன், நிமிர்ந்து உட்கார்ந்து.

வட்டத்துக்குள் இருந்தவை அவருடைய கண்கள்.